தோட்டக் கோயில் மேடையில் சாஸ்திரிய இசை: எது சேரும், எது சேராது

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டக் (எஸ்டேட்) கோயில் ஒன்றின் நிர்வாகம், மாரியம்மன் திருவிழாவை ஒட்டிப் பிள்ளைகளுக்குச் சாஸ்திரிய இசைப் போட்டி வைக்க இருக்கிறது. பதிந்த பெயர்களில் சினிமாப் பாட்டு, தேவாரம், பஜனை, நாதஸ்வரம், உறுமி, பியானோ எல்லாம் கலந்திருக்கின்றன. எதைச் சேர்ப்பது, எதை வேறு பிரிவுக்கு மாற்றுவது, பெற்றோர் கேட்டால் என்ன காரணம் சொல்வது என்பதுதான் அவர்களின் கேள்வி. இது பல கோயில்களுக்கும் தமிழ்ப்பள்ளிகளுக்கும் உதவக்கூடியது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

வழக்கமாகச் சொல்லப்படும் நான்கு அளவுகோல்களை முதலில் ஒதுக்கிவிடுங்கள். மொழி ஓர் அளவுகோல் ஆகாது. தெலுங்கிலோ சமஸ்கிருதத்திலோ இருந்தால்தான் சாஸ்திரியம் என்ற எண்ணம் இன்னும் சில பெற்றோரிடம் இருக்கிறது. தெலுங்கில் கீர்த்தனைகள் செய்த தியாகராஜர் 1767இல் பிறந்தார். அதற்கு முன்பே முத்துத்தாண்டவரும், 1711இல் பிறந்த அருணாசலக் கவிராயரும் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பில் தமிழ்க் கீர்த்தனைகளைச் செய்துவிட்டார்கள். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்ததே மேடையில் தமிழுக்கு உரிய இடத்தைக் கேட்டுத்தான். பக்தியும் அளவுகோல் ஆகாது. எல். ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள் ஒலிக்காத தோட்டக் கோயிலே இல்லை. அவற்றின் பக்தியை யாரும் குறைசொல்ல முடியாது, ஆனாலும் அவை மெல்லிசை. பழமையைப் பார்த்தால் தாலாட்டும் ஒப்பாரியும் எந்தக் கீர்த்தனையையும்விட மூத்தவை. வாத்தியத்தை வைத்தும் முடிவு செய்ய இயலாது. மேற்கிலிருந்து வந்த வயலினை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். இன்று அது இல்லாத கச்சேரி அரிது. கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனிலும் ஸ்ரீனிவாஸ் மாண்டலினிலும் முழுக் கச்சேரி செய்தார்கள். உங்கள் கோயிலிலேயே ஒரே தவில், நாதஸ்வரத்தோடு சேரும்போது ஒரு வேலையும் உறுமி மேளத்தில் நிற்கும்போது வேறொரு வேலையும் செய்கிறது.

எஞ்சுவது கையாளும் முறை. சொற்களை எடுத்துவிட்டாலும் இசை தன் இலக்கணத்தோடு நிற்க வேண்டும். அந்த இலக்கணம் படிப்படியாகக் கற்பிக்கப்படுவதாக இருக்க வேண்டும். கற்றவர் அதற்குள் நின்று அந்த நேரத்திலேயே புதிதாக விரிக்க இடம் இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் நம் சாஸ்திரிய இசை. முதலாவதுதான் அதிகக் குழப்பம் தருகிறது, அதனால் அதில் சற்று நிற்கலாம்.

"இந்தப் பாட்டு மோகன ராகத்தில் இருக்கிறது, ஆகவே சாஸ்திரியம்" என்று சொல்லி ஒருவர் சினிமாப் பாட்டைக் கொண்டுவருவார். ஸ ரி க ப த என்ற ஐந்து ஸ்வரங்கள் வந்துவிட்டால் மோகனம் வந்துவிடாது. சீனப் புத்தாண்டு சமயத்தில் டவுன் கடைகளில் ஒலிக்கும் பாடல்கள் பலவற்றிலும் இதே ஐந்து ஸ்வரங்கள்தான் இருக்கின்றன. அவற்றை யாரும் மோகனம் என்று சொல்வதில்லை. ஏனென்றால் ராகத்துக்கு ஸ்வரங்கள் எலும்பு மட்டுமே. எந்த ஸ்வரம் அசையும், எது அசையாமல் நிற்கும், எதிலிருந்து எதற்கு வளைந்து போகும், எங்கே இளைப்பாறும், எந்தப் பிடி (ராகத்துக்கே உரிய ஸ்வரச் சேர்க்கை) வந்தால் கேட்டவுடன் ராகம் தெரியும் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் ராகம். மோகனத்தில் ரியும் தவும் அசைந்து வரும். தோடி ராகத்தின் காந்தாரத்தை, அதாவது க ஸ்வரத்தை, ஆர்மோனியத்தில் ஒரே கட்டையை அழுத்திக் காட்ட முடியாது, அது ரிக்கும் மவுக்கும் இடையே ஊஞ்சலாடும். பைரவியில் ஏறும்போது ஒரு தைவதம் (த), இறங்கும்போது வேறு தைவதம். காம்போதியில் 'ஸ நி ப த ஸ' என்ற பிடியில் மட்டும் உயர்ந்த நி ஆன காகலி நிஷாதம் எட்டிப் பார்க்கும், மற்ற இடங்களில் அதற்குச் சற்றுக் கீழான கைசிகி நிஷாதம்தான். இந்த நுணுக்கங்கள் விட்டுப்போனால் மிஞ்சுவது வெறும் ஸ்வர வரிசை.

இதற்குத் தீட்சிதரின் படைப்பிலேயே நல்ல சான்று இருக்கிறது. ஆங்கிலேயரின் பேண்டு மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதச் சாகித்தியம் (பாடல் வரிகள்) எழுதினார். நோட்டு ஸ்வரங்கள் என்று அவற்றைச் சொல்வோம். ஸ்வரங்கள் எல்லாம் 29ஆவது மேளகர்த்தாவான (தாய் ராகமான) சங்கராபரணத்துக்கு உரியவை. ஆனால் ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் இல்லை, நேர் ஸ்வரங்கள் மட்டுமே. எழுதியவர் கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவர், மொழி சமஸ்கிருதம், பாடுபொருள் தெய்வம். இத்தனை இருந்தும் அவற்றைக் கேட்டு யாரும் சங்கராபரணத்தை உணர்வதில்லை. பிள்ளைகளுக்குக் குரல் பழக நல்லவை, போட்டியில் ராகத்துக்கு மதிப்பெண் கொடுக்க ஏற்றவை அல்ல.

மறுபக்கமும் இருக்கிறது. 1977இல் வந்த 'கவிக்குயில்' படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' ரீதிகௌளையின் உண்மையான பிடிகளைக் கொண்டது. அதைக் கேட்டு ரீதிகௌளையை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளலாம். ஆகவே எல்லாச் சினிமாப் பாட்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். ஆனாலும் போட்டியில் அதை மெல்லிசைப் பிரிவில்தான் வைப்பேன். காரணம் மூன்றாவது நிபந்தனை. சினிமாப் பாட்டு இசைத்தட்டில் இருப்பதுபோலவே முடிந்துபோகிறது. சங்கதியை (ஒரே வரியின் மெட்டு வேறுபாடுகளை) வளர்ப்பதற்கும், ஒரு வரியை எடுத்து மெட்டை மாற்றி மாற்றி விரித்து நிரவல் செய்வதற்கும், கல்பனாஸ்வரம் (அந்த நேரத்திலேயே கற்பனை செய்யும் ஸ்வரங்கள்) பாடி வரி தொடங்கும் எடுப்புக்குத் திரும்புவதற்கும் அது கட்டப்படவில்லை. பிள்ளை அந்தப் பாடகரைப் போலப் பாடினால் கைதட்டல் கிடைக்கும், வேறு மாதிரிப் பாடினால் தவறு என்பார்கள். கீர்த்தனையில் நிலைமை வேறு. ஒரே கீர்த்தனையை இரண்டு வித்துவான்கள் வெவ்வேறு சங்கதிகளோடு பாடினால் இரண்டுமே சரி.

தாளத்திலும் இதே வேறுபாடு உண்டு. சினிமாப் பாட்டும் உறுமியும் தாளத்தில்தான் நடக்கின்றன. ஆனால் சாஸ்திரிய இசையில் பாடுபவரே தாளத்தைக் கையில் ஏந்த வேண்டும். ஆதி தாளம் என்றால் எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், பிறகு தட்டி வீசல் இரண்டு முறை. பாட்டு சமத்தில் (தாளத்தின் முதல் தட்டிலேயே) தொடங்குகிறதா, அரை இடம் தள்ளித் தொடங்குகிறதா என்பது தெரிந்திருக்க வேண்டும். மிஸ்ர சாப்பில் ஏழு எண்ணிக்கை மூன்றும் நான்குமாகப் பிரியும், கண்ட சாப்பில் ஐந்து இரண்டும் மூன்றுமாகப் பிரியும். பாடும் பிள்ளை கையை மடியில் வைத்துக்கொண்டு தாளத்தை மிருதங்கக்காரரிடம் ஒப்படைத்துவிட்டால் பாதிப் பாடம் இன்னும் கற்கப்படவில்லை என்று பொருள்.

கற்பிக்கும் வரிசை எல்லாருக்கும் பொதுவானது. மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, பிறகு ஏழு தாளங்களில் அலங்காரம், மலஹரியில் கீதம், ஸ்வரஜதி, வர்ணம், அதன் பிறகே கீர்த்தனை. கைபேசியில் கேட்டுக் கேட்டு நேரே கீர்த்தனைக்குப் போன பிள்ளை இனிமையாகப் பாடலாம். ஸ்வரமாகப் பாடச் சொன்னால் நின்றுவிடும். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல வேண்டாம், ஒரு வருடம் அலங்காரத்துக்குத் திரும்பினால் சரியாகிவிடும்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருவோம்.

நாதஸ்வரமும் தவிலும் ஐயமே இல்லாமல் சாஸ்திரிய இசை. இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. கோயில் வாசலில் வாசிப்பதால், கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்துக்குக் காத்திருப்பதால், அதைச் சடங்கு மேளமாக மட்டும் பார்க்கும் பழக்கம் இங்கே வேரூன்றிவிட்டது. ராக ஆலாபனையை, அதாவது சொல்லும் தாளமும் இல்லாமல் ராகத்தை விரிப்பதை, மணிக்கணக்கில் வளர்த்த மரபு நாதஸ்வரத்துடையது. தோடி என்றதும் டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் பெயர் நினைவுக்கு வருவது அதனால்தான். சுவாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டையில் வாசிக்கும் மல்லாரிக்குச் சொற்களே கிடையாது, லயக் கணக்கும் ராகமும் மட்டுமே. சொல்லை எடுத்தாலும் நிற்கும் இசைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேட வேண்டாம். பல கோயில்களில் தமிழகத்திலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்த கலைஞர்கள் வாசிக்கிறார்கள். அவர்களிடம் சினிமாப் பாட்டு மட்டும் கேட்டு வாங்கிவிட்டு அனுப்புவது பெரிய இழப்பு. திருவிழா இரவுகளில் ஒன்றிலாவது அரைமணி நேரம் ஒலிபெருக்கிப் பாட்டை நிறுத்தி, ஒரே ராகத்தை விரித்து வாசிக்கச் சொல்லுங்கள். முன்கூட்டியே சொன்னால் மகிழ்ச்சியோடு செய்வார்கள். பிள்ளைகள் போட்டியில் நாதஸ்வரத்துக்கு ஆள் இல்லாவிட்டாலும் தவிலுக்கு வருவார்கள். அவர்களுக்கு ஆதி தாளத்தில் ஐந்து நிமிடத் தனி, முடிவில் மோராவும் கோர்வையும் (தனியை முடிக்கும் கணக்குச் சொற்கட்டுகள்) கட்டாயம் என்று வையுங்கள்.

தேவாரம் சேரும், ஆனால் பண்ணோடு, அதாவது அதற்குரிய பழந்தமிழ் ராகத்தோடு பாடினால். திருஞானசம்பந்தரின் 'தோடுடைய செவியன்' நட்டபாடைப் பண், இன்று கம்பீர நாட்டையில் பாடுகிறார்கள். இந்தளத்துக்கு மாயாமாளவகௌளை, தக்கேசிக்குக் காம்போதி, பழம்பஞ்சுரத்துக்குச் சங்கராபரணம், மேகராகக்குறிஞ்சிக்கு நீலாம்பரி, கௌசிகத்துக்குப் பைரவி என்று ஓதுவார் மரபில் இணைகள் இருக்கின்றன. தாளத்தோடு பாடுவது பண்ணாங்கம், தாளமில்லாமல் சொல் பிரித்துப் பாடுவது சுத்தாங்கம். அப்பரின் திருத்தாண்டகத்தைச் சுத்தாங்கமாகவே பாடுவார்கள், அதற்குத் தாளம் போடச் சொல்லக் கூடாது. மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவால் நம் பிள்ளைகள் நிறையப் பேர் பதிகங்களை மனப்பாடமாகச் சொல்கிறார்கள், அது பெரிய செல்வம். குறை எங்கே என்றால், பல வகுப்புகளில் எல்லாப் பதிகத்தையும் ஒரே மெட்டில் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். பதிவுத் தாளில் பாடல் முதலடிக்குப் பக்கத்தில் பண் பெயரை எழுத ஒரு கட்டம் வைத்தாலே ஆசிரியர்கள் பண்ணைத் தேடிப் போவார்கள். திருப்புகழும் சேரும். அருணகிரிநாதரின் சந்தமே தாளத்தைத் தீர்மானிக்கும். ஆதி தாளத்துக்குள் இழுத்து அமுக்கினால் நெடிலெல்லாம் குறிலாகிவிடும். மாணவர் அந்தச் சந்தத்தைக் கையில் தட்டிக் காட்டட்டும்.

காவடிச் சிந்து எல்லையில் நிற்பது. அண்ணாமலை ரெட்டியாரின் சிந்துகளைக் கச்சேரி வித்துவான்கள் கடைசிப் பகுதியில் துக்கடாவாக (சிறு பாட்டாக) பாடுகிறார்கள். அதே வடிவம் தைப்பூசத்தில் காவடியோடும் நடக்கிறது. போட்டியில் அதைத் துக்கடாவாக, ஒரு வர்ணத்துக்கோ கீர்த்தனைக்கோ பின்னால் பாடலாம் என்று வையுங்கள். தனியாகப் பாடினால் நாட்டுப்புறப் பிரிவு. பஜனையில் ராகம் இருக்கும், ஆனால் அதன் நோக்கம் கூட்டமே சேர்ந்து பாடுவது, அதனால் மெட்டு எளிமையாக இருக்க வேண்டும். தனி மேடை, தனிப் பரிசு கொடுங்கள்.

உறுமியைச் சாஸ்திரிய இசைப் பிரிவில் சேர்க்க வேண்டாம். அது தாழ்ந்தது என்பதற்காக இல்லை. உறுமி, பம்பை, தவில், ஜால்ரா சேர்ந்த மேளத்துக்கு இலக்கணமே இல்லை என்று யாராவது சொன்னால் அவர்கள் அதைக் கேட்டதில்லை. வளைந்த குச்சியால் ஒரு தோலை உரசி எழுப்பும் உறுமல், நேர்க் குச்சியால் மறுபக்கத்தில் விழும் அடி, முனியாண்டிக்கு ஒரு நடை, மதுரை வீரனுக்கு ஒரு நடை, அருள் ஏறும் கட்டத்தில் வேகத்தை எங்கே கூட்டுவது, எங்கே சட்டென்று அறுப்பது என்பதெல்லாம் மூத்தவரிடம் பல ஆண்டுகள் நின்று கற்பவை. ஆனால் அதன் பெருமை ராக விரிவில் இல்லை. வழிபாட்டையும் ஆட்டத்தையும் தூக்கிச் செல்வதில் இருக்கிறது. ராகத்துக்கு மதிப்பெண் போடும் நடுவர் முன்னால் அதை நிறுத்தினால் பூஜ்யம் விழும், வாசித்த இளைஞர்கள் மனம் நொந்து போவார்கள். பிழை நடுவரைத் தேர்ந்தவர்களுடையது. மூத்த உறுமிக் கலைஞர் ஒருவரை நடுவராக வைத்துத் திறந்தவெளியில் தனிப் போட்டி நடத்துங்கள். பரிசுத் தொகை இரண்டு பிரிவுக்கும் ஒரே அளவாக இருக்கட்டும். நிர்வாகம் எதை மதிக்கிறது என்பதைப் பிள்ளைகள் அந்தத் தொகையிலிருந்துதான் புரிந்துகொள்வார்கள்.

பியானோ கிரேடு பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை வாசிக்கப் போகும் மோட்சார்ட்டும் சாஸ்திரிய இசையே, மேற்கத்திய வழியில். அங்கே விரிவு ஸ்வரங்களை அடுக்கி ஒலிக்கச் செய்வதில் நிகழ்கிறது. எழுதியதை எழுதியபடி வாசிப்பதே நேர்மை. நம் நடுவருக்கு அதை அளக்கக் கருவி இல்லை. நிகழ்ச்சியில் இடம் கொடுங்கள், போட்டியில் வேண்டாம்.

வகைப்பாட்டில் ஐயம் வந்தால் பதிவின்போதே இரண்டு நிமிடத்தில் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. பாடப்போகும் பாட்டின் ராகத்தில் ஆரோகணம், அவரோகணம் (ஏறும், இறங்கும் ஸ்வர வரிசை) பாடச் சொல்லுங்கள். பல்லவியின் முதல் வரியைத் தாளம் போட்டுப் பாடச் சொல்லுங்கள். பெரிய பிள்ளை என்றால் அதே ராகத்தில் வார்த்தை இல்லாமல் ஒரு நிமிடம் பாடச் சொல்லுங்கள். மூன்றும் வந்தால் பாட்டு எந்த மொழியில் இருந்தாலும் சேர்த்துக்கொள்ளலாம். முதலாவதே வரவில்லை என்றால் மெல்லிசைப் பிரிவுக்கு அனுப்பி, எந்த வகுப்பில் சேரலாம் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

ஒன்பது வயது வரை ஒரு கீதம், மூன்று நிமிடம். பத்து முதல் பன்னிரண்டு வரை ஸ்வரஜதி அல்லது எளிய ஆதி தாள வர்ணம், ஆறு நிமிடம். அதற்கு மேல் இரண்டு காலத்தில் (இரண்டு வேகத்தில்) வர்ணமும் ஒரு கீர்த்தனையும், பன்னிரண்டு நிமிடம். பதினேழைத் தாண்டியவர்களுக்கு ஆலாபனையும் கல்பனாஸ்வரமும் சேர்த்துப் பதினைந்து நிமிடம். மதிப்பெண்ணைச் சுருதிக்கு 25, தாளத்துக்கு 25, ராகத்துக்கு 25, உச்சரிப்புக்கு 15, மனோதர்மத்துக்கு (அந்த நேரத்திலேயே விரிக்கும் கற்பனைக்கு) 10 என்று பிரிக்கலாம். சிறுவர் பிரிவில் மனோதர்மத்தின் பத்தைச் சுருதியோடு சேர்த்துவிடுங்கள். உடைக்கும் மேடை நளினத்துக்கும் மதிப்பெண் வைக்காதீர்கள், வசதியில்லாத வீட்டுப் பிள்ளை அங்கேதான் தோற்கும்.

மேடையில் கெட்டுப்போவது பெரும்பாலும் சுருதி. கட்டை என்பது சுருதியின் உயர அளவு. பெண் பிள்ளைகள் ஐந்து, ஐந்தரை கட்டையில் பாடுவார்கள், குரல் உடைந்த ஆண்கள் ஒன்று, ஒன்றரை கட்டையில் பாடுவார்கள். ஒரு மிருதங்கத்தைச் சுமார் ஒரு கட்டை அளவுக்குத்தான் ஏற்றி இறக்க முடியும். பெயர் வரிசைப்படி மேடையேற்றினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் மிருதங்கத்தைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அவசரத்தில் சுருதி சேராமலேயே தொடங்கிவிடுவார்கள். பதிவுத் தாளிலேயே கட்டையை எழுதி வாங்கி, அந்த வரிசையில் மேடையேற்றுங்கள். மிருதங்கக்காரரிடம் கீழ்ச் சுருதிக்கு ஒன்று, மேல் சுருதிக்கு ஒன்று என்று இரண்டு கொண்டுவரச் சொல்லுங்கள். மாலை மழை பெய்தால் தோல் ஈரம் வாங்கிச் சுருதி இறங்கும், அந்த நேரத்தில் இடைவேளை விட்டு மறுபடி சேர்க்க வேண்டும். சுருதிப் பெட்டிக்குத் தனி மைக் வைத்து, பாடுபவருக்குக் கேட்கும்படி ஒரு ஒலிபெருக்கியைத் திருப்பி வையுங்கள். செஞ்சுருட்டி, புன்னாகவராளி, நவரோஜ் பாடுபவர்கள் மத்திமச் சுருதி (ம ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்ட சுருதி) கேட்பார்கள், இயக்குபவருக்கு அதை மாற்றத் தெரிந்திருக்க வேண்டும்.

கீபோர்டைப் பக்கவாத்தியமாக அனுமதிக்காதீர்கள். பிள்ளை தோடியில் காந்தாரத்தை அசைத்துப் பாடும்போது கீபோர்டு அதே இடத்தில் நேர் ஸ்வரத்தைப் பிடித்து நிற்கும். இரண்டும் மோதும், பாவம் பிள்ளை பயந்துபோய்த் தன் கமகத்தை விட்டுவிடும். வயலின் கிடைக்காவிட்டால் தம்பூரா ஒலியும் மிருதங்கமும் போதும். கரோக்கே ஒலித்தடமும் கூடவே கூடாது. அதில் காலப் பிரமாணம் (பாட்டின் வேகம்) முன்பே பூட்டப்பட்டுவிடும், ஒரு சங்கதியைக்கூட மறுமுறை பாட வழியிருக்காது.

இந்த விதிகளைப் போட்டிக்கு மூன்று மாதம் முன்பே கோயில் அறிவிப்புப் பலகையிலும் தமிழ்ப்பள்ளியிலும் ஒட்டிவிடுங்கள். அலங்காரம் முடித்த ஒரு பிள்ளை புது வர்ணம் ஒன்றை இரண்டு காலத்திலும் உறுதியாகப் பாட அவ்வளவு காலமாவது வேண்டும்.